ஆட்சியும் உரையாடலும்: சூலகப் புடைப்புப் பற்றிய விஞ்ஞான மொழி குறித்து ஒரு விமர்சன நோக்கு

இலக்கிய விமர்சனம் கவிதையையும் நாவலையும் மட்டுமே தன் ஆய்வுப்பொருளாகக் கொள்ளல் வேண்டும் என்னும் எண்ணம் நம்மிடையே இன்றும் வலுவாக நிலவுகின்றது. விஞ்ஞானப் பாடநூலொன்றின் நடையை விமர்சகன் தொடுவானாயின் இரு தரப்பாரும் முகஞ்சுளிப்பர். எங்கள் சொற்கள் வெறுங் குறியீடுகளே, அவற்றில் ஆராய என்ன இருக்கிறது என்பார் விஞ்ஞானி. அங்கே சுவை ஏது என்பார் இலக்கியகாரர். ஆயினும் எத்துறையில் வழங்கும் சொல்லும் தான் பிறந்த சமூகத்தின் உறவுகளைச் சுமந்துகொண்டே வழங்குகின்றது. பண்பாடு, வர்க்கம், இயற்கை முதலாய அன்றாடச் சொற்களின் வரலாற்றை றேமண்ட் வில்லியம்ஸ் 1976இல் தனி நூலாக எழுதியபோது, ஒரு சொல்லின் பொருள்மாற்றத்தினூடே ஒரு சமூகத்தின் மாற்றத்தையே காணலாம் என்பதை நிறுவினார். அத்தகைய நோக்கினை உயிரியலின் ஒரு சிறு பகுதிக்குப் பிரயோகிப்பதே ஈண்டு எமது முயற்சி. விலங்குகளின் சூலகத்தில் புடைப்புகள் வளரும் முறைமையும் அவ்வளர்ச்சியைப் பரம்பரையலகுகள் ஒழுங்காக்கும் முறைமையும் எம்மொழியிற் சொல்லப்படுகின்றன, அம்மொழி எதனைக் காட்டுகின்றது, எதனை மறைக்கின்றது என்பனவே எமது வினாக்கள். ஆட்டையும் மாட்டையும் நம்பிச் சீவிக்கும் வன்னி மக்களுக்கு இவை ஏட்டு வினாக்கள் அல்ல என்பதைப் பின்னர் காண்போம்.

முதலில் பொருளைச் சுருக்கமாகக் கூறிவிடலாம். 1672இல் ஒல்லாந்தரான றெக்னியே டி கிராப் சூலகத்தில் நீர்கொண்ட கொப்புளங்களை விவரித்தார். அவற்றையே முட்டைகள் என அவர் கருதினார். 1827இல் கார்ள் எர்ன்ஸ்ட் பொன் பேயர் நாயொன்றின் சூலகத்தில், அக்கொப்புளத்தினுள்ளே கிடந்த நுண்ணிய சூலைக் கண்டார். கிராப் கண்டது உறை. பேயர் கண்டது உள்ளீடு. இன்று நாம் கிராபியன் புடைப்பு என்று வழங்குவது அவ்வுறையையே. பிறக்கும்போதே பெண்ணுயிரின் சூலகத்தில் தொடக்கப் புடைப்புகள் பெருந்தொகையாய் உள்ளன. மனிதரில் பத்து இலட்சத்துக்கும் மேல். அவற்றுள் வாழ்நாளில் முதிர்ந்து சூலை வெளியேற்றுவன ஏறத்தாழ 400 அல்லது 500 மாத்திரமே. ஏனையவை இடைவழியில் நலிந்து மறைகின்றன. ஒரு புடைப்பு உறங்கிக்கிடப்பதும் விழித்தெழுவதும் நலிவதும் முதிர்வதும் சூலுக்கும் அதனைச் சூழ்ந்த கலங்களுக்கும் கபச்சுரப்பிக்கும் இடையே ஓயாது நிகழும் பரிமாற்றத்தின் விளைவாகும். அப்பரிமாற்றத்தின் உள்ளே எப்பரம்பரையலகு எக்கலத்தில் எவ்வேளையில் தொழிற்படுகின்றது என்பதையே ஒழுங்காக்கம் என்கிறோம்.

இனி இதனைச் சொல்லும் மொழியைப் பார்க்கலாம். ஒரு வேட்கை வட்டத்தில் பல புடைப்புகள் ஒருங்கே வளரத் தொடங்குவதை ஆய்வாளர் ‘ஆட்சேர்ப்பு’ என்பர். அவற்றுள் ஒன்று முந்துவது ‘தெரிவு’. முந்திய புடைப்பு ‘ஆதிக்கப் புடைப்பு’. அது ஏனையவற்றை ‘அடக்குகின்றது’. அவை ‘அடங்கிய’ புடைப்புகள். ஆங்கிலத்தில் 1980களின் தொடக்கத்தில் நிலைபெற்றுவிட்ட இச்சொற்றொகுதி, படைமுகாமும் தொழிற்சந்தையும் கூடிப்பெற்ற பிள்ளை எனத் தோன்றுகின்றது. முதிராது மறையும் புடைப்புகளைப் பாடநூல்கள் ‘வீண்போவன’ எனவும் எழுதின. 1991இல் எமிலி மார்ட்டின் என்னும் அமெரிக்க மானிடவியலாளர் இக்கருத்தோட்டத்தைக் கூர்மையாகச் சாடினார்: கோடிக்கணக்கில் அழியும் விந்துக்களைப் பற்றி வியப்போடு எழுதும் நூல்கள், சூலகத்தைப் பற்றி எழுதும்போது மாத்திரம் விரயக் கணக்குப் பார்ப்பது ஏன் என்று கேட்டார். அவருடைய கேள்வி நியாயமானது. ஆயின் அவர் ஆண்–பெண் என்னும் படிமத்தளத்தோடு பெரும்பாலும் நின்றுவிட்டார். ‘விரயம்’ என்ற சொல்லே, எல்லாவற்றையும் விற்பனைக்குரிய விளைபொருளால் அளக்கும் ஒரு பொருளாதாரத்தின் சொல் என்பதை அவர் தொட்டுச்சென்றாரேயன்றித் தொடர்ந்து ஆராயவில்லை. வளரும் சிறு புடைப்புகள் சுரக்கும் ஓமோன் ஒன்று, உறங்கும் புடைப்புகள் அளவுக்குமீறி விழித்தெழாதவாறு தணிக்கின்றது என்பது எலிகளில் செய்த பரிசோதனைகளால் 1999 அளவில் தெளிவாயிற்று. அச்சிறு புடைப்புகளிற் பெரும்பாலானவை முதிராமலே மறைவன. எனினும் மறையுமுன் ஒரு வேலையைச் செய்துவிட்டே மறைகின்றன. விரயக் கணக்கில் இவ்வேலைக்கு நிரல் இல்லை.

தமிழுக்கு வரும்போது நிலைமை மேலும் சுவாரசியமாகின்றது. பரம்பரையியலில் ஒரு பண்பு வெளிப்படுவதையும் மற்றது வெளிப்படாதிருப்பதையும் குறிக்க இலங்கைப் பாடநூல்கள் ‘ஆட்சியான’, ‘பின்னிடைவான’ என்னும் சொற்களை ஆளும். தமிழகத்தார் ‘ஓங்கு’, ‘ஒடுங்கு’ என்பர். ஒரே கருத்துக்கு இரு கரைகளில் இரு படிமங்கள். ‘ஓங்கு’ என்பது மரத்துக்கும் அலைக்கும் பொருந்தும் சொல். ‘ஆட்சி’ என்பதோ கச்சேரிக்கும் கோட்டைக்கும் உரியது. 1950களிலும் 1960களிலும் அரசகரும மொழித் திணைக்களம் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்ட காலத்தில் நம் அறிஞர் ஆற்றிய உழைப்பு அளப்பரியது. கலம், நிறமூர்த்தம், வாங்கி, புடைப்பு, மஞ்சட் சடலம் என அவர்கள் ஆக்கிய சொற்களில் இன்றும் பிள்ளைகள் உயிரியல் கற்கின்றனர். அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே மானிப்பாயில் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்தும் பிரசவ வைத்தியம் உட்படப் பல நூல்களைத் தமிழாக்கியும் இருந்தார். இம்மரபின் பெருமையை மறுப்பதற்கில்லை. எனினும் சொல்லாக்கக் குழுக்கள் ஆங்கிலச் சொல்லின் பொருளைத் தேடிய அளவுக்கு, அச்சொல்லின் உள்ளே உறைந்திருந்த அதிகார உறவைத் தேடவில்லை. உரிமையிற் பெற்ற வீட்டோடு அதன் சுவரிலிருந்த துரையின் படத்தையும் சேர்த்துப் பெற்றுக்கொண்டோம்.

‘ஒழுங்காக்கம்’ என்னும் கருத்தின் பிறப்பையும் சிறிது நோக்க வேண்டும். 1961இல் பிரான்சுவா ஜேக்கப்பும் ஜாக் மொனோவும் பற்றீரியாவில் பரம்பரையலகுகள் எவ்வாறு தொழிற்படத் தொடங்குகின்றன, எவ்வாறு ஓய்கின்றன என்பதற்கு ஒரு மாதிரியை முன்வைத்தனர். 1965இல் நோபல் பரிசு பெற்றனர். ஒழுங்காக்கி, இயக்கி, அடக்கி என்னும் சொற்கள் அவ்வாய்வோடு வந்தவை. யுத்தத்துக்குப் பிந்திய ஐரோப்பாவில் தன்னியக்க இயந்திரங்கள் பற்றிய சிந்தனை மேலோங்கியிருந்த சூழல் அம்மொழியிற் பதிந்துள்ளது. இவர்களைப் பிற்போக்குவாதிகள் என ஒதுக்கிவிட முடியாது. இருவரும் பாசிசத்துக்கு எதிராகப் போராடியவர்கள். மொனோ ஒருகாலத்தில் கம்யூனிஸ்டுக் கட்சியில் இருந்தவர். எனவே ஆய்வாளரின் அரசியலைக் கொண்டு அவர் சொற்களின் கருத்துநிலையை அளப்பது எளிய வழியாயினும் தவறான வழி. சொற்கள் அவற்றை ஆள்வோரிலும் பழையவை.

நெடுங்காலம் சூல், புடைப்பினுள் செயலற்றுக் கிடக்கும் பயணியாகவே கருதப்பட்டது. சூழ்ந்த கலங்கள் ஊட்டும், ஓமோன் ஏவும், சூல் காத்திருக்கும். 1996இல் இச்சித்திரம் உடைந்தது. சூல் தானே சுரக்கும் ‘வளர்ச்சி வியத்தக் காரணி 9’ என்னும் புரதத்துக்குரிய பரம்பரையலகை நீக்கிய எலிகளில் புடைப்புகள் ஒற்றைக் கலப்படை நிலையோடு வளர்ச்சி குன்றி நின்றன. சூல் பேசினால்தான் சூழ்ந்த கலங்கள் பெருகும். அவை மறுமொழி தந்தால்தான் சூல் முதிரும். இவ்வளவு அழகான ஓர் இயங்கியல் உறவு வெளிப்பட்ட பின்னும் சனரஞ்சக விஞ்ஞான எழுத்து என்ன செய்தது? ‘உண்மையான எசமான் சூலே’ என்று எழுதத் தொடங்கிற்று. சிம்மாசனம் அகற்றப்படவில்லை, அமர்ந்தவர் மாத்திரம் மாறினார். பெண்ணிய நோக்கினர் சிலரும் இம்மாற்றத்தை வெற்றியென வரவேற்றமை எமக்கு உடன்பாடன்று. அரசன் போய் அரசி வந்த கதையை முடியாட்சியின் முடிவாகக் கொள்ளலாகாது.

பொதுநிலையில் இவ்வாறு கூறிச்செல்வது எளிது. ஒரு குறித்த வரலாற்றை எடுத்து நோக்கினால் சிக்கல் துலங்கும். அவ்வரலாறு தென்னாசியாவுக்கு உரியது என்பது அதன் சிறப்பு.

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சிலே கூமா என்னும் ஊரை அடுத்துப் ‘பூரூலா’ என ஒரு பண்ணை இருந்தது. அங்கு சியர்ஸ் சகோதரர் வளர்த்த மெரினோச் செம்மறிகள் இரண்டும் மூன்றுமாய், சிலவேளை நான்கும் ஐந்துமாய்க் குட்டி ஈன்றன. மெரினோவுக்கு இது இயல்பன்று. 1958இல் அம்மந்தையிலிருந்து ஒரே ஈற்றில் பிறந்த ஐந்து குட்டிகளுள் ஒன்றான கிடாயொன்று அவுஸ்திரேலிய அரசின் விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்தது. ஹெலன் நியூட்டன் டேர்னர் அம்மையாரின் வழிகாட்டலில் ஆய்வு தொடர்ந்தது. 1980களின் தொடக்கத்தில், இப்பெருக்கத்துக்குப் பின்னால் தனியொரு பரம்பரையலகே உள்ளது என்ற முடிவு எட்டப்பட்டது. அதற்குப் பண்ணையின் பெயரையே சூட்டினர். 2001இல் நியூசிலாந்து, பிரான்ஸ், பிரித்தானியா ஆகிய மூன்று நாடுகளின் ஆய்வுகூடங்கள் தனித்தனியே அவ்விகாரத்தை இனங்கண்டன. ஆறாம் நிறமூர்த்தத்திலுள்ள ஒரு பரம்பரையலகில் ஒரேயொரு எழுத்து மாற்றம். அதன் விளைவாக ஒரு வாங்கிப் புரதத்தின் 249ஆம் இடத்தில் குளுத்தமைனுக்குப் பதில் ஆர்ஜினைன். அவ்வாங்கி ‘எலும்புருவாக்கப் புரதம்’ எனப்படும் சமிக்ஞைகளை ஏற்பது. எலும்பின் பெயர் சூலகத்தில் எவ்வாறு நுழைந்தது என வாசகர் வியக்கலாம். அப்புரதக் குடும்பத்தை முதலில் எலும்பிலே கண்டனர்; பெயர் ஒட்டிக்கொண்டது. கண்டவன் நின்ற இடமே பொருளின் பெயராவதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

இவ்விகாரம் ‘அதிகம் ஈனுக’ என்று கட்டளை ஏதும் இடுவதில்லை. சமிக்ஞைக்குச் சூழ்கலங்கள் தரும் மறுமொழி சற்று வேறுபடுகின்றது, அவ்வளவே. வழக்கமான ஆட்டில் ஏறத்தாழ 5 மில்லிமீற்றருக்கு மேல் வளர்ந்த பின்னரே சூலை விடும் புடைப்பு, இவ்வாட்டில் 3 முதல் 5 மில்லிமீற்றர் அளவிலேயே முதிர்ந்துவிடுகின்றது. ஒவ்வொன்றிலும் கலங்கள் குறைவு. ஆயின் பல புடைப்புகள் சேர்ந்து, பெரிய புடைப்பொன்று சுரக்கும் அளவுக்கு ஈஸ்திரஜனைச் சுரக்கின்றன. கபச்சுரப்பி அம்மொத்தத்தையே உணர்கின்றது. ஒன்று செய்த வேலையைப் பலவாய்ப் பகிர்ந்து செய்கின்றன எனலாம். ‘ஆதிக்கப் புடைப்பு’ என்னும் தொடர் இங்கு பொருளிழந்து நிற்பதைக் காண்கிறோம். ஒன்று பலவற்றை அடக்குவது இயற்கையின் நியதி என்று பாடநூல் கூறுமாயின், கூமாவின் ஆடு அதற்கு மறுப்பாக மேய்ந்துகொண்டிருந்தது.

இதனினும் முக்கியமானது அவ்வாடு எங்கிருந்து வந்தது என்பது. 1792இலும் 1793இலும் கல்கத்தாவிலிருந்து சிட்னிக்கு வங்கத்துச் செம்மறிகள் கப்பலேற்றப்பட்டன. குடியேற்ற நாட்டின் கைதிகளுக்கும் காவலருக்கும் இறைச்சி வேண்டியிருந்தது. பூரூலா ஆடுகளின் பெருக்கம் அவ்வங்க ஆடுகளின் வழிவந்தது என டேர்னர் அம்மையார் ஆவணங்களைத் துருவி எழுதினார். 2002இல் சுந்தரவனப் பகுதியின் கரோல் என்னும் சிற்றினச் செம்மறிகளிலே அதே எழுத்து மாற்றம் கண்டறியப்பட்டது. கரோல் முதிர்ந்தும் 10 முதல் 15 கிலோவைத் தாண்டாத ஆடு. முழங்காலளவு சேற்றுநீரில் நின்று மேயும். அதனை வளர்ப்போர் சிறு விவசாயிகளும் நிலமற்றோரும். தலைமுறை தலைமுறையாக அவ்வாட்டைப் பேணிவந்த உழைப்பு அவர்களுடையது. பெயரோ அவுஸ்திரேலியப் பண்ணையொன்றினுடையது. பருத்தியும் அவுரியும் போன வழியில் பரம்பரையலகும் போயிற்று. மூலம் தெளிவான பின்னும் பெயர் மாறவில்லை. ஆய்வேடுகள் இன்றும் கரோல் ஆட்டிலே ‘பூரூலா விகாரம்’ காணப்படுவதாக எழுதுகின்றன. மகன் பெயரால் தந்தையை அழைக்கும் விசித்திரம்.

இவ்விடத்தில் நம்மவர்க்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. இயங்கியலைச் சுலோகமாக்கும் ஆசை நம்மை எளிதில் பற்றும். நியூசிலாந்தில் இன்வர்டேல் என அறியப்பட்ட இன்னொரு செம்மறி வழியில், எக்ஸ் நிறமூர்த்தத்தில் உள்ள வேறொரு விகாரம் 2000இல் இனங்காணப்பட்டது. அதன் ஒரு பிரதியைப் பெற்ற ஆடு கூடுதலாக ஈனும். இரு பிரதிகளையும் பெற்ற ஆடு மலடாகும். அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் என்று எங்கெல்ஸ் சொன்னதற்கு இதோ சான்று எனக் கூவத் தோன்றும். எங்கெல்சின் ‘இயற்கையின் இயங்கியல்’ 1940இல் ஆங்கிலத்தில் வெளிவந்தபோது முன்னுரை எழுதிய ஜே. பி. எஸ். ஹால்டேன் இத்தகைய ஒப்பீடுகளில் ஈடுபாடுடையவர். ஆயின் ஒப்பீடு விளக்கமாகாது. ஒரு பிரதி சமிக்ஞையைக் குறைக்கின்றது, இரண்டும் பழுதானால் சமிக்ஞையே இல்லாது போகின்றது, புடைப்பு வளர்வதில்லை. விளக்கம் அங்கேயே உண்டு. தத்துவம் அதன்பின் வரலாம். முந்திவந்தால் என்ன நேரும் என்பதைச் சோவியத் வரலாறு காட்டிற்று. 1948இல் மொஸ்கோ விவசாய விஞ்ஞானக் கழகக் கூட்டத்தில் லைசென்கோவின் கொள்கை அரச கொள்கையாயிற்று. பரம்பரையியலே முதலாளித்துவப் பொய் எனப்பட்டது. அதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே, பயிர்களின் பிறப்பிடங்களைத் தேடி உலகெங்கும் அலைந்த வாவிலோவ் சராதோவ் சிறையில் மாண்டிருந்தார். ஹால்டேனே இவ்விடயத்தில் நெடுநாள் தடுமாறினார். பின்னர் 1957இல் இந்தியாவுக்கு வந்து, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார். மார்க்சிய விமர்சனம் விஞ்ஞானத்தின் மொழியைக் கேள்விக்குட்படுத்தலாம். பரிசோதனையின் முடிவைக் கட்சித் தீர்மானத்தால் மாற்ற முனைதல் அறிவுக்கு இழைக்கும் துரோகம்.

கரோலின் கதை சுந்தரவனத்தோடு முடியவில்லை. மகாராட்டிரத்தின் பல்டண் ஊரில் 1968இல் பி. வி. நிம்ப்கர் நிறுவிய விவசாய ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் கரோல் ஆடுகளைக் கொணர்ந்து தக்கணி இனத்தோடு கலந்தது. சந்தா நிம்ப்கர் அம்மையார் முன்னின்று நடத்திய இம்முயற்சியிலிருந்து ‘சுவர்ணா’ என்னும் வழி உருவாயிற்று. (இவ்வம்மையார் ‘யுகாந்த’ எழுதிய இராவதி கார்வேயின் பேர்த்தி. பிண்டமாய்ப் பிறந்து நூறு குடங்களிற் பகிரப்பட்ட பிள்ளைகளின் தாயான காந்தாரியைப் பற்றிப் பாட்டி எழுதினார்; பலகுட்டி ஈற்றைப் பற்றிப் பேர்த்தி ஆய்ந்தார்.) தக்கணி ஆடு வழக்கமாக ஒரு குட்டியே ஈனும். விகாரத்தின் ஒரு பிரதி கொண்ட ஆடுகள், மேய்ப்பரின் மந்தைகளில், சராசரியாக ஒன்றரையை அண்மித்து ஈன்றன. இங்கு நாம் கவனிக்கவேண்டியது, அந்நிறுவனத்தார் ‘எத்தனை அதிகமோ அத்தனை நன்று’ என்று கருதவில்லை என்பதே. மும்மைக் குட்டிகள் எடை குன்றிப் பிறக்கும், தாயின் பால் போதாது, குட்டி இறக்கும். ஆகவே இரட்டைக் குட்டியே அவர்களின் இலக்காயிற்று. தீனியும் மேய்ப்பரின் கவனிப்பும் ஆய்வின் பகுதிகளாயின. ஒரே எழுத்து, வைக்கோலும் நீரும் உள்ள வீட்டில் செல்வம்; இல்லாத வீட்டில் இழவு. பரம்பரையலகின் ‘விளைவு’ என்பது ஆட்டின் உடலுக்குள் முற்றாகத் தீர்மானிக்கப்படுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்றை யாம் அறியோம்.

இதனைத் தர்மபுரத்தில் வைத்து நினைத்துப் பார்ப்போம். பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், காடு வெட்டிக் குடியேறியோர் ஆக்கிய ஊர் அது. 2009 ஜனவரியில் யுத்தம் அவ்வூரை எட்டியபோது மக்கள் கட்டையில் நின்ற ஆடுமாடுகளை அவிழ்த்துவிட்டுக் கிழக்கே நடந்தனர். மீள்குடியேற்றத்தின்பின் வாழ்வாதார உதவி என்னும் பெயரில் வன்னியெங்கும் ஆடும் மாடும் கோழியும் வழங்கப்பட்டன. பெறுவோரிற் பலர் குடும்பத்தைத் தனித்துச் சுமக்கும் பெண்கள். இத்தகைய திட்டங்களின் அறிக்கைகளில் வழங்கிய தலைகளின் எண்ணிக்கை இருக்கும். மேய்ச்சற்றரை எவ்வளவு, ஆவணி வறட்சியில் தண்ணீர் எங்கே என்பன அரிதாகவே இருக்கும். நாளை ஒருவர் ‘இரட்டைக்குட்டிப் பரம்பரையலகு’ என்று விளம்பரப்படுத்தி ஒரு கிடாயைக் கொணர்ந்து நிறுத்தினால், வறுமைக்கு மருந்து கிடைத்துவிட்டதாக நம்பும்படி நமது பாடநூலின் மொழியே மனங்களைப் பண்படுத்தி வைத்துள்ளது. பரம்பரையலகு ஆளும், உடல் பணியும், வளர்ப்பவள் பெறுவாள். பல்டணில் கண்டதோ இதற்கு நேர்மாறானது.

ஆடு வளர்ப்போரின் பேச்சில் வேறொரு இலக்கணம் உண்டு. ‘ஆடு கிடாய்க்குக் கத்துது’ என்பர். அங்கே எழுவாய் ஆடு. பாடநூல் வாக்கியத்தில் எழுவாய் ஓமோன், ஆடு செயப்படுபொருள். ‘மூன்றாம் ஈத்து’ என வளர்ப்பவள் கூறுகையில் ஆட்டின் வயதும் பாலும் அதனோடு தான் கழித்த ஆண்டுகளும் ஒரு சொல்லில் அடங்குகின்றன. ‘சூல்’ என்பதும் தொல்பெருஞ் சொல். பழந்தமிழ்ப் புலவர் அதனை விலங்குக்கும் மேகத்துக்கும் நெற்கதிருக்கும் ஒருங்கே வழங்கினர். ஆயின் மக்கள் வழக்கு என்பதற்காக யாவற்றையும் போற்றவும் இயலாது. ‘மலடு’ என்னும் சொல் தொழுவத்தில் பிறந்து வீட்டுக்குள் வந்து எத்தனை பெண்களைச் சுட்டிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். நாட்டார் மொழி தன் காயங்களோடுதான் வரும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இயங்குகின்றது; தர்மபுரத்துக்கு அது தொலைவன்று. கலைச்சொற் திருத்தம் கொழும்பில் ஒரு மேசையைச் சுற்றி நிகழ்வதினும், அப்பீடத்தாரும் தமிழ்த்துறையினரும் கால்நடை வளர்ப்போரும் ஒருங்கிருந்து நிகழ்த்துவது பயனுடைத்து. ‘ஆதிக்கப் புடைப்பு’ என்பதை ‘முந்து புடைப்பு’ எனலாம். நிகழ்வதை அது கூட்டாது குறைக்காது சொல்கின்றது. ‘ஆட்சேர்ப்பு’க்கு ‘உடன்வளர்வு’ பொருந்தும். ‘ஆட்சி’, ‘பின்னிடைவு’ ஆகியவற்றை இனி மாற்றுதல் கடினம். பரீட்சைத் தாள்கள் அவற்றிலே ஊறிவிட்டன. தமிழகத்தாரின் ‘ஓங்கு’ பக்கத்தில் நிற்கட்டும். ‘ஒழுங்காக்கம்’ இருக்கலாம், ஒழுங்கு என்பது ஏவலையும் குறிக்கும், இசைவையும் குறிக்கும். இடைவழியில் நலியும் புடைப்புகளுக்கு மாத்திரம் தக்க சொல் எமக்குத் தோன்றவில்லை. ‘சிதைவு’ என்று எழுதி வருகின்றனர். வேலை செய்துவிட்டு மறைவதற்கு ஆடு வளர்ப்போரிடம் ஒரு சொல் இருக்கக்கூடும்; கேட்டுப் பார்க்க வேண்டும்.